ஜேசன் லாக்குக்கு மாறியபோது காணாமல் போன பதிவுகள்

எங்கள் சர்வீஸ்களை ஸ்பிரிங் பூட் (ஜாவாவில் சர்வீஸ் எழுத உதவும் கட்டமைப்பு) 3.4க்கு ஏற்றினோம். கன்சோல் லாக்கை ஜேசனாக, அதாவது ஃபீல்டு பெயரும் மதிப்புமாகப் பிரித்து, எழுதும் வசதி அதில் உள்ளேயே இருக்கிறது. கான்ஃபிக்கில் ஒரு வரி போதும். அதுவரை ஒரு எக்ஸெப்ஷன் வந்தால் ஸ்டாக் டிரேஸின் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) ஒவ்வொரு வரியும், லாக்கைத் தேடிப் பார்க்கும் கிபானாவில் தனிப் பதிவாகச் சிதறிக் கிடக்கும். இப்போது முழுசும் ஒரே பதிவுக்குள். அன்று பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை.

இரண்டு வாரம் கழித்து, கணக்குத் தொடங்காமல் வாங்குபவர்களால் பணம் கட்ட முடியவில்லை. தேடினால் ஒரு லாக்கும் இல்லை. சர்வீஸ் ஓடும் கன்டெய்னரில் இருக்கிறது, கிபானாவுக்குப் பின்னால் லாக்கைச் சேமிக்கும் எலாஸ்டிக்சர்ச்சில் இல்லை! நாங்களாகச் சேர்த்த வாடிக்கையாளர் ஐடி ஃபீல்டில் முதலில் வந்தது எண். அதனால் அந்த ஃபீல்டே எண் வகையாகிவிட்டது. இன்னொரு சர்வீஸ் அதையே மேற்கோளுக்குள் "4521" என்று அனுப்பியபோதும் எலாஸ்டிக்சர்ச் எண்ணாக மாற்றி ஏற்றுக்கொண்டது. எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கணக்கில்லாதவர்களுக்கு ஐடியாக "கெஸ்ட்" என்று வந்த பதிவுகளை மட்டும் மொத்தமாக நிராகரித்திருக்கிறது. எந்த லாக் வேண்டுமோ அதுவே இல்லை.

இருக்கிற இன்டெக்ஸில் (பதிவுகளின் தொகுப்பு) ஃபீல்டின் வகையை மாற்ற முடியாது. புது இன்டெக்ஸுக்கான டெம்ப்ளேட்டில் கீவேர்டு (மதிப்பை எழுத்தாகவே வைக்கும் வகை) என்று எழுதி, புது இன்டெக்ஸ் போட்டு, பழையதை அதற்குள் நகர்த்தினோம். ஐடி எதுவானாலும் முதல் நாளே கீவேர்டு என்று அறிவித்துவிடுங்கள். கூட்டிக் கழிக்கப் போகிற எண்ணா அது?

*

நாங்களும் ஜேசன் லாக்குக்கு மாறினோம். எங்களுக்கு இடிச்சது டாக்கர், கன்டெய்னரை ஓட்டுற மென்பொருள். 16 கேபிக்கு மேல போற லாக் வரியை அது துண்டாக்கிடும். நாங்க ரிக்வெஸ்ட் பாடியை அப்படியே லாக்ல கொட்டிக்கிட்டிருந்தோம். ரெண்டு துண்டுமே செல்லாத ஜேசன், அதைப் படிச்சுப் பிரிக்கிற பார்சர் தள்ளிவிட்டுடுச்சு. பாடியை எடுக்க உட்கார்ந்தப்பதான் கவனிச்சோம், அதுக்குள்ள கார்டு நம்பர் திறந்தபடி கிடக்கு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. நோட் (நோட்.ஜேஎஸ்) பக்கம் லாக் எழுதுற பினோவில, மதிப்பை மறைக்கிற ரிடாக்ட் வசதி இருக்கு, ஆனா நாம எழுதிக் கொடுத்த பாதையை மட்டும்தான் மறைக்கும். ஃபீல்டு பேர் மாறினா அவ்வளவுதான். அதனால இப்ப எது லாக்ல போகணும்னு மட்டும் பட்டியல் வச்சிருக்கோம்.

*

அண்ணா, த்ரெட் பூல் (அதே த்ரெட்களைத் திரும்பத் திரும்ப வேலைக்கு எடுக்கிற தொகுப்பு) வச்சிருக்கவங்க எம்டிசியையும் பாருங்க, லாக்ல சேர்க்கிற ரிக்வெஸ்ட் ஐடி மாதிரி விவரத்தை த்ரெட்டோட வச்சிருக்கிற இடம் அது. நாங்க வேலை முடிஞ்சதும் அதை அழிக்காம விட்டுட்டோம். அதே த்ரெட் அடுத்த வேலைக்குப் போனப்ப, பழைய ரிக்வெஸ்ட் ஐடியே ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஜேசன் அழகா இருந்துச்சு, ஐடி மட்டும் வேற ஒருத்தரோடது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் ஓடுற டாஸ்க் டெக்கரேட்டர்ல ஐடியை எடுத்துக் கொடுத்து, கடைசியில கிளியர் பண்ணின பிறகுதான் சரியாச்சு.