காரமல் ஆப்பிள் குக்கீஸ்: காரமல் வழியாமல் இருக்க என்ன செய்யலாம்?

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் காரமல் ஆப்பிள் குக்கீஸ் செய்யும்போது மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் தடுமாறினேன்: 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்தாவது நிமிடம் நெருங்கும்போது, மாவு உருண்டைக்குள் வைத்த காரமல் உருகி ஓரமாக வழிந்து, தாளில் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது, நடுப்பகுதியோ ஆப்பிள் விட்ட நீரால் வேகாமல் கொழகொழவென்று நிற்கிறது. ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் தண்ணீர் என்பதால், பொடியாக நறுக்கிய துண்டுகளைச் சர்க்கரையில் பிசறி, நீரைப் பிழிந்த பிறகே கடைசி முறை சேர்த்தேன். ஈரம் குறைந்தது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த அந்தப் புளிப்பும் நீரோடு போய்விட்டது. துண்டுகளை வெண்ணெயில் வதக்கிச் சேர்க்கலாமா? காரமலை 118 டிகிரியில் இறக்குகிறேன். இன்னும் சற்றுக் காய்ச்சினால் வழியாமல் நிற்குமா, அல்லது ஆறியதும் பல்லில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியாகிவிடுமா? செய்து பார்த்தவர்கள் தங்கள் பக்குவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.