ஐந்து சென்ட் புல்லுக்கு ஆயிரம் லிட்டரா, அறுநூறா?

கொழிஞ்சாம்பாறை கடைக்காரர்:
நேற்று இந்தக் குழுவில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கடை வளாகத்துக்கு முன்னால் ஐந்து சென்ட் புல்தரை போட்டால் இடத்தின் மதிப்பு ஏறுமாம், வாடகை தானாகக் கூடுமாம். சொல்பவர் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர், வேறென்ன சொல்வார்? ஐந்து சென்ட் என்றால் சுமார் 200 சதுர மீட்டர். கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். கணக்குப் போட்டால் ஆயிரம் லிட்டர். தினமும்! பங்குனியில் குடிக்கவே டேங்கருக்குப் போன் போடுகிற கேரள எல்லை ஊர் இது.

நாற்றுப்பண்ணை:
வணக்கம் கடைக்கார அண்ணா. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். கொரியன் புல்லுக்கு 3 மில்லிமீட்டர் போதும். அறுநூறு லிட்டர். உங்கள் ஆயிரம் எங்கிருந்து வந்தது?

கொழிஞ்சாம்பாறை கடைக்காரர்:
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலிருந்து வந்தது தம்பி. மார்கழி, தையில் கிழக்கே இருந்து அடிக்கிற காற்றில் துவைத்த வேட்டி அரை மணியில் மொரமொரவென்று ஆகிவிடும். உங்கள் புல் மட்டும் ஈரமாகவே இருக்குமா? ஆயிரம் லிட்டர்.

பொள்ளாச்சி இன்ஜினியர்:
முதலில் ஒரு சந்தேகம். மதிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? விற்கும் விலையா, மாத வாடகையா, கல்லாவில் விழும் காசா? அப்புறம், அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து கேத்லீன் உல்ஃப் செய்த ஆய்வுகளில், மரம் அடர்ந்த கடைத்தெருவில் பொருளுக்கு 9 முதல் 12 சதவீதம் வரை கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்று மக்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை கடைக்காரர்:
"தயார்" என்று சொன்னார்கள், சரி. கொடுத்தார்களா? என் கடையிலும் எல்லோரும் அடுத்த வாரம் பாக்கியைத் தீர்க்கத் தயார்தான். அதிலும் அவர் சொன்னது மரம், இவர் விற்பது புல். ஆயிரம் லிட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை.

வாளையார் லாரிக்காரன்:
நான் ஒன்று சொல்கிறேன். சாப்பிட வண்டியை ஒதுக்கும்போது எங்கள் கண் தேடுவது நிழலை. நெடுஞ்சாலையில் புதிதாக வந்த ஓட்டல்களில் வாசலில் இரண்டு வரிசை ராயல் பாம், நடுவில் புல், புல்லைச் சுற்றிச் சங்கிலி, "மிதிக்காதீர்" என்று பலகை. அந்த மர நிழலில் ஒரு சைக்கிள்கூட நிற்காது. சாப்பிட்டு வந்து ஸ்டியரிங்கைத் தொட்டால் கை பொத்துப்போகும். பக்கத்திலேயே ஓலைக் கொட்டகைக் கடை, முன்னால் மூன்று புங்கமரம். வண்டிகள் நிற்பது அங்கேதான்.

நாற்றுப்பண்ணை:
புங்கன் இலை உதிரும், காருக்கு மேலே பூ கொட்டும். ஏசி ஹால் கட்டுகிறவர் அதைக் கேட்பதில்லை. திருச்சூர் பக்கம் நாற்றுப்பண்ணைகள் நிறைந்த மண்ணுத்திக்குப் போய்ப் பாருங்கள், லோடு லோடாக எது போகிறது என்று தெரியும்.

வாளையார் லாரிக்காரன்:
அந்த லோடை ஏற்றிக்கொண்டு வருவதே நான்தான் சார்.

மீனாட்சிபுரத்தான்:
தண்ணீர்ப் பேச்சு வந்தாயிற்று. பிளாச்சிமடை இங்கிருந்து கூப்பிடு தூரம். 2000-இல் வந்த கோக்கோ கோலா ஆலை 2004-இல் நின்றது. நிலத்தடி நீருக்காக ஊரே போராட்டப் பந்தலில் உட்கார்ந்த இடம். அந்த மண்ணில் வாசல் அழகுக்குப் போர்வெல்லா?

பொள்ளாச்சி இன்ஜினியர்:
ஆலையையும் ஐந்து சென்ட் புல்லையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே! தண்ணீர் என்று ஆரம்பித்தால், பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துச் சித்தூருக்கு வருஷம் 7.25 டிஎம்சி எங்கள் பக்கத்திலிருந்துதானே வருகிறது?

மீனாட்சிபுரத்தான்:
"எங்கள் பக்கமா"? இந்தப் பக்கமும் தமிழன்தான் இருக்கிறான் சார். வருகிற தண்ணீர் எந்த மாசத்தில் வருகிறது என்று மூலத்தறைத் தடுப்பணையில் வந்து நின்று பாருங்கள்.

பொள்ளாச்சி இன்ஜினியர்:
என் கேள்வி மதிப்பு பற்றியது. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கொழிஞ்சாம்பாறை கடைக்காரர்:
இன்ஜினியர் முன்பு இங்கே நடந்த பேவர் பிளாக் விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் வந்து அமெரிக்காவைக் காட்டினார். அன்று அவர் பேச்சைக் கேட்டு வாசல் முழுக்கக் கல் பதித்தவர்களிடம் இப்போது மத்தியானம் செருப்பில்லாமல் நடக்கச் சொல்லுங்கள். தம்பி நாற்றுப்பண்ணை, நேராகக் கேட்கிறேன்: வாரம் ஒருமுறை வெட்ட ஆள், களை பிடுங்க ஆள், உரம், மோட்டார் கரண்ட் எல்லாம் யார் தலையில்? வாடகைக்கு இருப்பவன் தலையில். வாடகை "தானாக ஏறும்" என்றீர்களே, அது இதுதான். மேலே ஆயிரம் லிட்டர்.

நாற்றுப்பண்ணை:
அறுநூறு. ஏசி கழிவு நீரும் கை கழுவும் நீரும் சேர்த்தால் அதில் பாதி கிடைத்துவிடும். உங்கள் கடை முன்னால் பச்சை என்று இருப்பது கொடியில் காயும் துண்டு ஒன்றுதான். அதைப் பார்த்து எந்த பேங்க் வாடகைக்கு வரும்?

கொழிஞ்சாம்பாறை கடைக்காரர்:
கை கழுவும் நீரில் சோப்பும் எண்ணெயும் இருக்கும், உங்கள் கொரியன் புல் கொரியாவுக்கே திரும்பிவிடும். என் துண்டுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. உங்கள் பண்ணை மோட்டார் மீட்டரைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்.

நாற்றுப்பண்ணை:
நீங்கள் முதலில் உங்கள் டேங்கர் பில்லைப் போடுங்கள்.

வாளையார் லாரிக்காரன்:
கடைக்கார அண்ணா, வண்டியில் நான்கு புங்கங்கன்று மிச்சம் இருக்கிறது. வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறை கடைக்காரர்:
விலையைச் சொல்லும். இந்தப் புல்லுக்காரரிடம் வாங்கியதாக இருந்தால் வேண்டாம்.