புதுப்பிப்பு: அப்பாயியின் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டோம்

இறந்துபோன என் அப்பாயியைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, அவருடைய தகரப் பெட்டிக்குச் சாவி கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். பூட்டை உடைக்காதே என்று பலரும் சொன்னீர்கள். நல்லவேளை, கேட்டேன். சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

நகை எதுவும் இல்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு ஒன்று, அழகாக மடித்து. அதற்கடியில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்தக் கணக்கில் அப்பாயியும் ஒருவர். 1974-இல் இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமேசுவரத்துக்கு 'இராமானுஜம்' கப்பல், பக்கத்திலேயே திரும்பியோரைத் தங்கவைத்த மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரியில் கூடலூர் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டம். மறுபடியும் அதே கொழுந்துதான்.

குடும்ப அட்டையில் இருந்த படத்தில் அப்பாயி மடியில் ஒரு குழந்தை. அப்பா பிறந்தது 1976-இல். அப்படியானால் இது யார்? பெரிய அத்தையிடம் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. "உனக்கு மூத்த பெரியப்பா. மண்டபத்துல காய்ச்சல்ல போயிட்டான்" என்றார்.

ராமேசுவரம் போகலாம் என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! முட்டிவலி என்பார். நானும் நம்பினேன்.

அடுத்த வாரம் அப்பாவும் நானும் மண்டபம் போகிறோம். அந்தப் படங்கையும் எடுத்துப் போகிறோம்.