'டெசிமேட்': பத்தில் ஒன்றா, பெரும்பகுதியா?

எழுதுகோல்:
நான் மொழிபெயர்த்துவரும் ஆங்கில வரலாற்று நூலொன்றில், பெரியம்மை ஒரு தீவின் மக்களை 'டெசிமேட்' (decimate) செய்தது என்று ஒரு வாக்கியம் வருகிறது. லத்தீனில் 'டெகெம்' என்றால் பத்து என்பதால், 'மக்களில் பத்தில் ஒரு பங்கினர் மாண்டனர்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் அதை அடித்துவிட்டு, 'மக்களில் பெரும்பகுதியினர் மாண்டனர்' என்று திருத்தியிருக்கிறார். எது சரி?

நெடுங்கணக்கு:
நீங்கள் எழுதியதே சரி. போர்க்களத்தில் புறங்காட்டிய படைப்பிரிவுக்கு ரோமானியர் அளித்த தண்டனையைக் குறிக்கும் 'டெகிமாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. சீட்டுப் போட்டுப் பத்துப் பேருக்கு ஒருவரைத் தேர்ந்து, சக வீரர்களின் கையாலேயே அடித்துக் கொல்லச் செய்வார்கள். தப்பியவர்களுக்குக் கோதுமைக்குப் பதிலாக வாற்கோதுமையை அளந்துபோட்டு, பாசறை அரணுக்கு வெளியே தங்க வைப்பார்கள். அடிமைக் கிளர்ச்சித் தலைவன் ஸ்பார்ட்டகஸின் படைக்கு அஞ்சி ஓடியவர்களில் 500 பேரை ரோமானியத் தளபதி கிராசஸ் 50 குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவரைக் கொன்றதாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். நூற்றுக்கு ஒருவரைக் கொல்வதற்குக் 'கென்டெசிமாரே' என்று வேறொரு வினையே லத்தீனில் இருந்தது. இப்படி எண்ணையே உயிராகக் கொண்ட சொல்லிலிருந்து எண்ணைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது கூடுதான்.

கார்முகில்:
நெடுங்கணக்கு ஐயா சொன்ன வரலாற்றில் பிழையில்லை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, இன்று அது எதைக் குறிக்கிறது என்பது வேறு. எள்ளின் நெய்தான் எண்ணெய். ஆனாலும் தேங்காய் எண்ணெய் என்று சொல்லும்போது தேங்காய்க்குள் எள் எப்படி வந்தது என்று நாம் யாரும் கேட்பதில்லை. மேலும், இந்தத் தண்டனையை விரிவாக விவரிக்கும் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸே, சீட்டில் சில வேளை ஐந்து பேர், சில வேளை எட்டுப் பேர், சில வேளை இருபது பேர் என, குற்றவாளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரும்படி எடுப்பார்கள் என்றுதான் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்திலும் இச்சொல் கொலையை மட்டும் குறித்து நிற்கவில்லை: 1655-இல் இங்கிலாந்தில் கிராம்வெல் ஆட்சி முடியரசு ஆதரவாளர்கள்மீது சுமத்திய பத்து சதவீத வரிக்கும் 'டெசிமேஷன்' என்றே பெயர். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி தண்டனை, வரி, எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்தல் ஆகிய எல்லாப் பொருள்களையும் தருகிறது.

நெடுங்கணக்கு:
வரியிலும் பத்து இருக்கிறதே, கவனித்தீர்களா? எண்ணெய் உவமையையும் என்னால் ஏற்க முடியவில்லை. மற்ற வித்துகளிலிருந்து பிழிந்ததற்குப் பொதுப்பெயர் தேவைப்பட்டது, அதனால் எண்ணெய் விரிந்தது. அழிவைச் சொல்லவோ ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. தேவையில்லாமல் விரிந்ததன் விளைவுதான், 'முற்றிலும் டெசிமேட் செய்யப்பட்டது', 'எண்பது சதவீதம் டெசிமேட் ஆனது' என்றெல்லாம் இன்று எழுதுகிறார்கள்.

கார்முகில்:
அவ்விரண்டு வாக்கியங்களையும் நானும் அடித்துவிடுவேன். 'முற்றிலும்' என்ற சொல்லோடு அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் தேவை இல்லை என்பது சரியன்று. ஒரு தனிமனிதரையோ ஒரு நாற்காலியையோ டெசிமேட் செய்ததாக எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் காதுக்கு ஒவ்வாது. மக்கள், மந்தை, படை, மீன்வளம் போல எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு கூட்டம் இருக்க வேண்டும். அதில் பெரும்பங்கு போய், சிலர் எஞ்சியிருக்க வேண்டும். அழித்தொழித்தலைக் குறிக்கும் 'அனைஹிலேட்' என்ற சொல்லில் அந்த எஞ்சுதல் இல்லை. 'நிஹில்' என்றால் லத்தீனில் ஒன்றுமில்லை. பத்து என்ற கணக்கு போனாலும், தலையெண்ணிக் கழிக்கும் வாசனை டெசிமேட்டில் இன்னும் இருக்கிறது. கூடு மட்டும்தான் மிஞ்சியது என்று எப்படிச் சொல்வது?

நெடுங்கணக்கு:
எஞ்சுதல் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பத்தில் ஒருவர் செத்தால் ஒன்பது பேர் எஞ்சுவார்கள். இன்றைய பொருளில் ஒன்பது பேர் செத்து ஒருவர் எஞ்சினாலும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றத்தை என் மனம் ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதுகோல்:
இருவருக்கும் நன்றி. நூலின் அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தேன். அடுத்த பத்தியிலேயே, தீவில் பிழைத்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். எனவே பெரியம்மை வாக்கியத்தில் நண்பரின் திருத்தமே இருக்கட்டும். பிற்பகுதியில் கிராசஸ் வரும் இடத்திலும் ஆசிரியர் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறார். அங்கே 'பத்துப் பேருக்கு ஒருவராகக் கொன்றார்' என்று எழுதியிருந்தேன். அதையும் நண்பர் 'பெரும்பகுதியினரைக் கொன்றார்' என்று மாற்றிவைத்திருக்கிறார். அந்த ஒன்றைத் திரும்பப் பழையபடி ஆக்கிவிட்டேன்.