“தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்” பாட்டை உண்மையில எழுதினது யார்?

தலவாக்கலை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஸ்கூல் இங்கிலிஷ் டேக்கு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் “தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்” பாடுறாங்க. வாத்தியம் ஒண்ணும் இல்ல, குரல் மட்டும்தான். (தலைப்பைச் சொன்னதும் பின் வாங்கில இருந்து “எது டீச்சர், மேல் லயனா கீழ் லயனா?”ன்னு ஒருத்தன். தோட்டத்து வரிசை வீடுகளுக்கும் இங்க லயன்னுதான் பேர். அன்னைக்குப் பாடம் அதோட சரி.) பாட முன்னுக்கு ஒரு பிள்ளை ரெண்டு நிமிசம் பாட்டைப் பத்திப் பேசணும். எனக்குக் கிடைச்ச நொட்டேசன் தாளில ஜோர்ஜ் டேவிட் வைஸ், ஹியூகோ பெரெட்டி, லூஜி கிரியேட்டோர்னு மூணு பேர். இன்னொரு தாளில சொலமன் லிண்டான்னு நாலாவதா ஒருத்தர். எங்க மியூசிக் சேரோ, “அது ஆபிரிக்க நாட்டார் பாட்டு, யாரும் எழுதினதில்ல”ங்கிறார். பிள்ளை எதைத்தான் சொல்றது?

ராகலை மச்சான்:

லயன் கிங் படத்துப் பாட்டு டீச்சர். டிமோனும் பும்பாவும் பாடுவாங்க. மியூசிக் எல்டன் ஜோன்.

பழைய டீமேக்கர், பண்டாரவளை:

தம்பி, லயன் கிங் வந்தது 1994ல. எல்டன் ஜோன் அந்தப் படத்துக்குப் போட்ட பாட்டுகள் வேற. இது அதுக்கு 55 வருசம் முந்தியே ரெக்கோட் ஆன பாட்டு.

டீச்சர், உங்க மியூசிக் சேர்கிட்ட மரியாதையாவே சொல்லுங்க, இது நாட்டார் பாட்டு இல்ல. கட்டின ஆளுக்குப் பேர் இருக்கு, ஊர் இருக்கு, பாடின வருசமும் இருக்கு. சொலமன் லிண்டா, 1909ல தென்னாபிரிக்காவோட நட்டால் பக்கம் பொறந்த சூலு இனத்து மனுசன். சின்ன வயசுல மாடு மேய்ச்சவர். 1931ல வேலை தேடி ஜொஹன்னஸ்பேர்க் வந்தார். கொஞ்சக் காலத்துல கெலோ ரெக்கோட் கம்பெனியோட ஃபெக்டரியில, அடிச்ச ரெக்கோட்டை எல்லாம் பெக் பண்ற வேலை கிடைச்சுது. நான் தேயிலை ஸ்டோர்ல, அதாவது ஃபெக்டரியில, பெக்கிங் ரூம் பார்த்தவன். பெட்டியில அடைக்கிறவன் வீட்டுல நல்ல தேயிலை இருக்காது, அதே கதைதான் அங்கயும்.

வேலை முடிஞ்சா பாட்டு. குழுவுக்கு ‘ஈவ்னிங் பேர்ட்ஸ்’னு பேர். ஆறு பேரும் கோடு போட்ட சூட்டு, ரெண்டு கலர் சப்பாத்துன்னு ஜோரா நிப்பாங்களாம். அதுல மூணு பேர் கீழ்க்குரல், பேஸ். அந்தக் காலத்துல ஒரு குழுவுக்கு ஒரு பேஸ் போதும்னு இருந்ததை லிண்டாதான் கனமாக்கினார்னு சொல்வாங்க. அவர் மட்டும் மேல ஏறி, பொம்பளைக் குரல் உயரத்துல பாடுவார்.

1939ல ஜொஹன்னஸ்பேர்க்கில கெலோ ஸ்டூடியோவில ‘ம்பூபே’ன்னு இந்தப் பாட்டைப் பாடினாங்க. சூலுவில சிங்கம்னு அர்த்தம். முதல் ரெண்டு டேக்கும் சரிவரல. மூணாவதுல, பாட்டு முடியப்போற நேரம், லிண்டா வாயில இருந்து முன்கூட்டி யோசிக்காத ஒரு மெட்டு வந்துச்சு. சில செக்கன்தான். உங்க பிள்ளைகள் இங்கிலிஷ் சொல்லு போட்டுப் பாடுறாங்களே, அது அந்த மெட்டு! பழைய ரெக்கோட்டை இணையத்துல தேடி, கடைசி வரைக்கும் விடாமக் கேட்கச் சொல்லுங்க. நான் முதல்ல ஒருக்கா பாதியில நிப்பாட்டிட்டு, “என்ன இது, வேற பாட்டா இருக்கு”ன்னு நெனச்சேன்.

அந்த ரெக்கோட் தென்னாபிரிக்காவில ஒரு லட்சத்துக்குக் கிட்ட வித்துச்சு. லிண்டாவுக்குக் கிடைச்சது பத்து சிலிங். அந்தக் காலத்து இலங்கைக் காசுல ஏழு ரூபாகூட இல்ல. அதோட உரிமை முழுக்கக் கம்பெனிக்கு. நம்ம தோட்டக் கணக்குல அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிகூட இல்ல.

மிச்சக் கதையைச் சுருக்கமாச் சொல்றேன். நாட்டார் பாட்டு சேகரிக்கிற அலன் லோமாக்ஸ்ங்கிறவர் அந்த ரெக்கோட்டை அமெரிக்காவில பீட் சீகர்ங்கிற பாடகருக்குக் கொடுத்தார். சீகர் காதால கேட்டு எழுதினதுல சூலுச் சொல்லு ‘விமோவே’ ஆச்சு. அவரோட ‘வீவர்ஸ்’ குழு 1952ல அதை ஹிட் ஆக்கிட்டாங்க. எழுதினவர் ‘போல் கெம்பல்’னு போட்டாங்க, அப்படி ஒரு ஆளே கிடையாது, அவங்க குழு வச்சுக்கிட்ட பொய்ப் பேர். சீகரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்: இது லிண்டாவோட பாட்டுன்னு தெரிஞ்சதும் அவர் ஆயிரம் டொலர் செக் ஒண்ணு அனுப்பினார், தன் பங்கும் லிண்டாவுக்கே போகணும்னு சொல்லியும் வச்சார். மத்தவங்க அவ்வளவுகூடச் செய்யல.

1961ல புரூக்ளின் பொடியன்கள் ‘டோக்கன்ஸ்’ பாடினதுதான் நீங்க கேட்கிற பாட்டு. இங்கிலிஷ் வரிகள் ஜோர்ஜ் டேவிட் வைஸ். பெரெட்டியும் கிரியேட்டோரும் புரொடியூசர்ஸ், எழுத்துலயும் பேர் போட்டுக்கிட்டவங்க. முதல்ல ரெக்கோட்டோட பின் பக்கத்துலதான் இதைப் போட்டாங்க. அந்த டிசம்பர்ல அமெரிக்கப் பட்டியல்ல முதலிடம், மூணு கிழமை.

வைஸை வெறும் கள்ளன்னு சொல்ல எனக்கு மனசு வராது. லூயி ஆம்ஸ்ட்ரோங்கோட ‘வட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ எழுதின ரெண்டு பேர்ல அவரும் ஒருத்தர். ஆனா ஒண்ணு கவனிங்க. அதே 1961ல இதே மூணு பேரும் எல்விஸுக்கு ‘கான்ட் ஹெல்ப் ஃபோலிங் இன் லவ்’ எழுதினாங்க. அதோட மெட்டும் பழசு, பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாட்டு. அதைக் கட்டினவர் செத்து நூறு வருசத்துக்கு மேல, அதனால யாருக்கும் நட்டம் இல்ல. லிண்டா அப்ப உசிரோட, ஜொஹன்னஸ்பேர்க் பக்கத்துச் சொவேட்டோவில இருந்தார். ஒருத்தரும் கேட்டுப் பார்க்கல.

அடுத்த வருசம், 1962 ஒக்டோபர்ல, சிறுநீரக வருத்தத்துல செத்துப்போனார். கல்லறைக்குக் கல்லு வைக்க வீட்டுல காசில்ல. 18 வருசம் கழிச்சுத்தான் வச்சாங்க.

‘நாட்டார் பாட்டு’ன்னு சொல்றதுல எனக்கு ஏன் கோபம்னா, காசு கொடுக்காம இருக்க அது ரொம்ப வசதியான பேச்சு. நம்ம கொழுந்து மலைப் பாட்டுகளை மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை ஐயா தேடித் தேடி எழுதி வச்சார். அதையெல்லாம் முதல்ல கட்டின பாட்டிமார் யாருன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. லிண்டா விசயத்துல சொல்ல முடியும்.

ராகலை மச்சான்:

அங்கிள், அப்ப லயன் கிங் எடுத்த டிஸ்னி காசு கொடுத்துச்சா இல்லையா?

லோ கொலேஜ், அட்டன்:

இதுக்கு நான் பதில் சொல்லலாம். 2000ல ரியான் மாலன்ங்கிற தென்னாபிரிக்கப் பத்திரிகையாளர் ‘ரோலிங் ஸ்டோன்’ல முழுக் கதையையும் எழுதினார். அதுக்குப் பிறகுதான் வக்கீல்மார் தோண்டினாங்க. கிடைச்சது 1911ஆம் வருசத்துப் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம். எழுதினவர் உரிமையை வித்திருந்தாலும், அவர் இறந்து 25 வருசத்துல அது வாரிசுகளுக்குத் திரும்பிடும். லிண்டா இறந்தது 1962, ஆக 1987ல இருந்து பிள்ளைகளுக்குச் சொந்தம். தென்னாபிரிக்கா அப்ப பிரிட்டிஷ் பேரரசுக்குள்ள இருந்ததால சட்டம் அங்க செல்லும். நம்ம நாட்டுலயும் 1979 வரைக்கும் இதே சட்டம்தான்.

2004ல டிஸ்னி மேல 16 லட்சம் டொலர் கேட்டு வழக்கு. தீர்ப்பு வரைக்கும் போகல. பாட்டு உரிமையை வச்சிருந்த அபிலீன் மியூசிக் 2006 பெப்ரவரியில மகள்மாரோட சமாதானமாப் போயிட்டாங்க. தொகையை வெளிய சொல்லல. லிண்டாவும் சேர்ந்து எழுதினவர்னு ஒத்துக்கிட்டாங்க. டீச்சர், உங்க ரெண்டாவது தாளில நாலாவது பேர் இருக்கிறது இதனாலதான்.

தலவாக்கலை டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மியூசிக் சேருக்கு 1939 ரெக்கோட்டைப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தரம் கேட்டுட்டு “பேஸைப் பாரு, பேஸைப் பாரு”ன்னு மட்டும் சொன்னார். நிகழ்ச்சித் தாளில “இசை: சொலமன் லிண்டா. ஆங்கில வரிகள்: ஜோர்ஜ் டேவிட் வைஸ்”னு போடலாமா டீமேக்கர் ஐயா? பிரின்சிபல் ஒரு வரிக்கு மேல இடம் தரமாட்டார். அந்த மேல் குரலுக்கும் எங்ககிட்ட ஆள் இல்ல. பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு இப்பத்தான் குரல் உடையுது.

பழைய டீமேக்கர், பண்டாரவளை:

அப்படியே போடுங்க மகள், லிண்டா பேர் முன்னுக்கு. மத்த ரெண்டு பேரையும் பேசுற பிள்ளை வாயால சொல்லட்டும்.

மேல் குரலைப் பொம்பளைப் பிள்ளைகளுக்கே கொடுங்க. டோக்கன்ஸ் ரெக்கோட்டுலயே மேல பறக்கிற அந்தக் குரல் அனிட்டா டாரியன்ங்கிற சொப்ரானோப் பாடகியோடது. குரல் உடைஞ்ச பையன்கள் எல்லாரையும் பேஸுக்குத் தள்ளுங்க. பாட்டு முழுக்க மூணே கோட் (chord) தான், திரும்பத் திரும்ப ஒரே சுத்து. அவங்க வேகம் கூட்டாம இருந்தாப் போதும். கை தட்ட விடாதீங்க, தட்டினா கட்டாயம் ஓடுவாங்க.