சொந்தமாகக் கட்டிய மாடல் ரயில் கட்டடங்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

கைகாட்டி:
எச்ஓ அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, நான் கட்டிய சிக்னல் கேபினைப் பற்றிச் சொல்கிறேன். கையில் இருந்தது ஒரே ஒரு பழைய புகைப்படம். அதில் முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும்தான் தெரிந்தன. பின்சுவரை வெறுமையாக விட்டிருந்தேன். அதே கேபினில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதைப் பார்க்க வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேசை மட்டத்துக்குக் குனிந்தார். கடைசி ஜன்னலில் விரலை வைத்து, "என் நாற்காலி இங்கேதான் இருக்கும்" என்றார். அடுத்த நொடியே, "லீவர்களைக் காணோமே?" என்றார். சிக்னல்களை இயக்கும் கைப்பிடிகளைத்தான் கேட்டார். உள்ளே ஒன்றுமில்லை. பிறகு அவராகவே பின்சுவரை விவரிக்கத் தொடங்கினார்: சிறிய ஜன்னல், அதையொட்டி அடுப்பின் புகைக்குழாய், கீழே நிலக்கரித் தொட்டி. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அந்தச் சுவர் பின்னணி ஓவியத்தைப் பார்த்தபடி நிற்கிறது, யார் கண்ணிலும் படாது. ஆனாலும் அதை அப்படியே விட மனம் ஒப்பவில்லை.

மாலை வண்டி:
கைகாட்டி ஐயா, தெரியாத சுவருக்கு உழைப்பைச் செலவிடாதீர்கள். லீவர்களை வையுங்கள், விளக்கு போட்டால் அவைதான் தெரியும். எங்கள் குழுவின் சரக்குக் கிடங்கில் முதன்முதலாக எல்இடி எரிந்த இரவை நான் மறக்கவே மாட்டேன். அறை விளக்கை அணைத்தோம். ஜன்னல் வழியே மட்டும் வர வேண்டிய வெளிச்சம் செங்கல் சுவர் முழுவதையும் ஊடுருவி, கட்டடமே காகித விளக்குக் கூண்டு போல ஒளிர்ந்தது. மூலைகளில் பளீரென்று கோடுகள். சுவருக்குப் பயன்படுத்தும் வெள்ளை ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு 1 மி.மீ. தடிமன் இருந்தாலும் ஒளியை முழுதாகத் தடுக்காது. முதலில் உட்புறம் முழுக்கக் கறுப்பு அடித்து, அதன்மேல் அறைக்குரிய நிறத்தைப் பூச வேண்டும். மூலை இடுக்குகளை உள்ளிருந்து சதுரக் குச்சி ஒட்டி அடைக்க வேண்டும். கூரையை எப்போதும் கழற்றும்படி வையுங்கள்.

செங்கல்:
"தெரியாத சுவர்" என்பதை நான் ஏற்கவில்லை. மாடல் ரயில் தளத்தை மாற்றி அமைக்கும் நாளில் அதே சுவர் முன்னால் வந்து நிற்கும். அப்போது விவரம் கேட்க அந்தப் பெரியவரைத் தேட முடியுமா?

நான் ஒரு சிறிய நிலையத்தை நேர் எதிரே நின்று படம் எடுத்திருந்தேன். அளவு நாடாவுடன் மறுபடி போனபோது சுவர்களே இல்லை. இடிபாடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தொழிலாளி என் கையில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. குவியலைக் கிளறி, சாந்து ஒட்டியிருந்த முழுச் செங்கல் ஒன்றை எடுத்து நீட்டினார். அதுவே போதுமானதாக இருந்தது. செங்கலும் சாந்தும் சேர்த்து ஒரு வரி 75 மி.மீ. படத்தில் கூரை விளிம்பு வரை 48 வரிகள். ஆக 3.6 மீட்டர், 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 41 மி.மீ. கதவு, ஜன்னல், தூண் எல்லாவற்றின் அளவும் அந்த ஒரு செங்கலிலிருந்தே பிறந்தன.

பிளாட்பாரம்:
என் நிகழ்வு சிறியது. நண்பர்கள் சூழ்ந்து நிற்க, நீளமான பயணிகள் பெட்டி ஒன்று வளைவில் திரும்பி, புதிய பிளாட்பாரக் கூரையின் தூணை அடித்துச் சாய்த்தது. இன்ஜின் மட்டும் தடையின்றிப் போயிருந்தது.

வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உட்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் பிதுங்கும். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் அளவி நேர்ப்பாதைக்குரிய இடைவெளியைத்தான் காட்டும். வளைவில் கூடுதலாக விட வேண்டும். உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் நடுவிலும் முனையிலும் பென்சிலைப் பொருத்தி, வளைவு முழுவதும் கையால் தள்ளுங்கள். விழும் கோட்டுக்கு அப்பால்தான் கட்டடம்.

செங்கல் எந்தப் பொருளில் கட்டினார் என்று சொல்லவில்லை, ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் ஒரு பக்கம் மட்டும் ஈரப் பசையோ வர்ணமோ பட்டால் வளையும். இரு பக்கமும் பூசுங்கள். அகலமான ஸ்டைரீன் தகடுகள் இரண்டைக் கரைப்பான் பசையால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால், நடுவில் சிக்கிய ஆவி மாதங்கள் கழித்துக்கூடச் சுவரை வளைத்துவிடும். உள்தகட்டில் முன்கூட்டியே துளைகள் போடுங்கள். ஜன்னலுக்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். வெள்ளைப் பசை போதும். நீண்ட சுவர்களுக்கு உள்ளே குறுக்குச் சட்டம் அவசியம்.

மாலை வண்டி:
அட்டையைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகத்தில் 1:76 அளவில் அட்டையால் செய்த குடிசைகள் பல பத்தாண்டுகளாக நிற்கின்றன. பிளாட்பாரம் சொன்ன ஜன்னல் பசை யோசனை சரிதான். அதோடு, பிளாஸ்டிக்கை விட்டு நுண்ணோக்கிக்கான மெல்லிய மூடுகண்ணாடியைப் பொருத்திப் பாருங்கள். பளபளப்பு அசலாகவே இருக்கும். வைரமுனையால் கீறி உடைக்கும்போது சில்லுகள் தெறிக்கும், கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.