நாய், பூனைக்குக் கத்தியில்லாத கருத்தடை: ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மொழிபெயர்ப்பாளர், ஜெர்மனி:

குழுவினருக்கு வணக்கம். இங்குள்ள விலங்கு மருத்துவமனை ஒன்றுக்காகத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வருவது, தற்காலிகமாகக் கருத்தடை செய்யும் டெஸ்லோரெலின் என்ற மருந்து அடங்கிய சிறு குச்சி, நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துகிறார்கள். 4.7 மில்லிகிராம் குச்சி ஆண் நாய்க்குக் குறைந்தது 6 மாதம், கடுவன் பூனைக்கு ஓராண்டு வேலை செய்யும். பெண் நாய்க்குட்டிக்கு 12 முதல் 16 வாரத்துக்குள் வைத்தால் முதல் பருவம் தள்ளிப்போகும்.

‘மலடாக்கும் ஊசி’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்க்கக் கொடுத்த ஒரு தாய், தாளை நான்காக மடித்து என் கையிலேயே வைத்துவிட்டார். “இந்தச் சொல் என் வீட்டுக்குள் வர வேண்டாம்” என்றார். அவர் சொன்னது சரிதான். வேறு சொல் தாருங்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மதுரை:

அன்பு மகளுக்கு, ‘மலடு’ போகட்டும். நடப்பது தள்ளிவைப்பு, மலடோ தீராத குறையைக் குறிப்பது. ‘ஈற்றுத்தடை’ என்று வையுங்கள். ஈன் என்ற வினையில் பிறந்தது ஈற்று. தலையீற்றுப் பசு என்று மாட்டுச் சந்தையில் இன்றும் பேசுகிறார்கள். இது செத்த சொல் அன்று. ‘நாய்க்குட்டி’ என்றும் எழுத வேண்டாம். நாயின் இளமைப் பெயர் குருளை என்கிறது தொல்காப்பிய மரபியல். குட்டி என்பது வெருகு என்னும் காட்டுப்பூனைக்கும் எலிக்கும் அணிலுக்கும் உரியது.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:

ஐயா, அதே மரபியலில் இரண்டு நூற்பா தள்ளிப் பாருங்கள். குட்டி, பறழ் என்ற இளமைப் பெயர்களும் அங்கே விலக்கில்லை என்று இருக்கிறது. நாய்க்குட்டி தப்பித்தது. ‘ஈற்று’ என்றதும் பள்ளியில் படித்தவர்களுக்கு ஈற்றெழுத்துத்தான் நினைவுக்கு வரும். நாங்கள் நாள்தோறும் சொல்வது சினை, சினைப்பருவம், சினைப்பிடிப்பு. ஆகவே ‘சினைத்தடை’.

ஆனால் ‘சினைத் தடுப்பூசி’ என்று எழுதிவிடாதீர்கள். தடுப்பூசி என்ற சொல்லைப் பார்த்ததும் வெறிநோய்க்குப் போட்டாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது உயிரோடு விளையாடுவது. இன்னொன்று: கத்தியில்லாத முறை எல்லாம் ஒன்றல்ல. விதைக்குள் செலுத்தும் துத்தநாக குளுக்கோனேட் ஊசிக்கு 2003இல் அமெரிக்காவில் 3 முதல் 10 மாத ஆண் நாய்க்குட்டிகளுக்கு அனுமதி கிடைத்தது. அது நிரந்தரம். உங்கள் குச்சி தற்காலிகம். வைத்த புதிதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறி, அப்புறம்தான் இறங்கும். பலன் தெரிய ஆறு வாரம் வரை ஆகலாம். சொல்லைவிட இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அன்பர் ஒருவர், யாழ்ப்பாணம்:

எனக்கு உறுத்துவது ‘கத்தியில்லாத’ என்ற அடைமொழி. உங்கள் காயடித்தலும் எங்கள் நலமடித்தலும் அடிதானே? கத்தி எங்கே பட்டது? அப்பா வளர்த்த நாம்பனுக்கு, அதாவது இளங்காளைக்கு, இரண்டு தடிகளுக்கு நடுவே வைத்து நசுக்கினார்கள். அன்று இரவு முழுவதும் அது படுக்கவே இல்லை. பின்கால்களை அகட்டியபடி நின்றது. வாளி நிறையத் தண்ணீர் வைத்தேன், முகரக்கூட இல்லை. அதுவும் அறுவையில்லாத முறைதான், ஐயா. கத்தியில்லை என்பதால் நோவில்லை என்று ஆகிவிடாது. ‘மருந்துவழி’ என்று சொல்லுங்கள், உள்ளதைச் சொன்னதாகும்.

தமிழாசிரியர்:

நாம்பனைப் பற்றிப் படித்து வருந்தினேன். ‘மருந்துவழி’ ஏற்கிறேன். சினையை ஏற்க முடியவில்லை. சினை என்றால் உறுப்பு, கிளை, முட்டை. முதற்பொருளும் சினைப்பொருளும் கற்பித்தே நான் முதுமை அடைந்தேன். அதை விட்டாலும், ஆண் நாய்க்குச் சினை ஏது?

மருத்துவர்:

ஆணுக்குக் கருவும்தான் இல்லை. ‘ஆண்களுக்கான கருத்தடை’ என்று அரசு மருத்துவமனைச் சுவரில் எழுதியிருப்பதைப் படித்து யாரும் குழம்பவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு பதினொரு மணி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் பெரும்பான்மை ‘மருந்துவழிச் சினைத்தடை’ பக்கம். தலைப்பில் அதையே வைத்துவிட்டேன். ஆண் நாய், கடுவன் பூனைப் பத்திகளில் மட்டும் ‘தற்காலிகக் கருத்தடை’. குச்சிக்கு ‘பதிமருந்து’. ‘பதியம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பதியம் வேர்விட்டு வளரும், இது கரைந்து போவது என்பதால் விட்டுவிட்டேன். அந்தத் தாயிடம் இன்று மாலை மறுபடி காட்டினேன். “சினை மாட்டுக்குத்தானே சொல்வார்கள்?” என்று கேட்டார். ஆனால் தாளை வைத்துக்கொண்டார்.

தமிழாசிரியர்:

அச்சிடுங்கள், மகளே. எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். அதில் மட்டும் ஈற்றுத்தடை என்று என் கையால் திருத்தி வைத்துக்கொள்கிறேன்.